எலெக்ட்ரிக் கிதாரைத் தாமாகக் கற்பவர்களுக்கு முதலில் கருவி சரியாக இருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியதும் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு நகரங்களில் உள்ள இசைக்கருவிக் கடைகளுக்கு எலெக்ட்ரிக் கிதார் கேட்டு இளைஞர்கள் வருகிறார்கள். சோமனூர், காங்கேயம், தாராபுரம், கோபி போன்ற ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கருவியைச் சொல்லித்தர அருகில் ஆசிரியர் கிடைப்பது கடினம் என்பதால், கைப்பேசியில் கிடைக்கும் பாடங்களைப் பார்த்துத் தாமாகவே கற்கத் தொடங்குகிறார்கள். அவர்களில் பலர் பள்ளி, கல்லூரி திறப்பதற்கு முன்பே கிதாரை உறையில் போட்டு அலமாரியின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். அப்போது வீட்டில் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. குரு இல்லாமல் கற்கப் போனதால் வரவில்லை என்பார்கள். அல்லது பிள்ளைக்கு இசை ஞானம் இல்லை என்பார்கள். பெரும்பாலும் இவ்விரண்டும் காரணமல்ல என்றும், சரிசெய்யப்படாத கருவியே முதற்காரணம் என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன். அதைத் தங்கள் நாளிதழின் வழியாகப் பெற்றோர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் எடுத்துச் சொல்ல விரும்பியே இதை எழுதுகிறேன்.

நான் பல்லடத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்துபவன். பட்டறையை மூடிய பிறகு இரவு வேளைகளில் எலெக்ட்ரிக் கிதாரை நானாகவே கற்றேன்; இன்றும் கற்று வருகிறேன். சால்டரிங் தெரிந்தவன் என்பதால், ஒலி வராத கிதாரையும் இரைச்சல் போடும் கிதாரையும் எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரப் பிள்ளைகள் என்னிடம் வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் கருவியை வாங்கி ஒரு முறை விரல் வைத்துப் பார்த்தாலே, அந்தப் பிள்ளைக்கு ஏன் வாசிப்பு வரவில்லை என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். தந்திகள் கழுத்திலிருந்து மிக உயரத்தில் நிற்கும். விரல் நுனி கன்றிப்போகும் அளவுக்கு அழுத்தினாலும் சுரம் தெளிவாக எழாது. எழுந்தாலும் சுருதி விலகி ஒலிக்கும். இப்படிப்பட்ட கருவியில், பல ஆண்டுகள் வாசித்துப் பழகியவர்களுக்கே கை ஓடாது என்றால், நேற்று வாங்கிய பிள்ளையைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இத்துடன் ஒரு பழைய நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. முதலில் மரக்கூடு கொண்ட அக்கூஸ்டிக் கிதாரில் ஒன்றிரண்டு ஆண்டுகள் பழகிய பிறகே எலெக்ட்ரிக் கிதாரைத் தொட வேண்டும் என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். இதற்கு எந்த அடிப்படையும் இல்லை. எஃகுத் தந்தி பூட்டிய அக்கூஸ்டிக் கிதாரில் மிக மெல்லிய தந்தி வழக்கமாக 0.012 அங்குலத் தடிமன் இருக்கும். எலெக்ட்ரிக் கிதாரில் அதே தந்தி 0.009 அல்லது 0.010 அங்குலம்தான். தந்தி மெல்லியதாகவும் தாழ்வாகவும் இருப்பதால் தொடக்கநிலை விரல்களுக்கு எலெக்ட்ரிக் கிதாரே எளிது. அதைவிட முக்கியமாக, இவை இரண்டும் வெவ்வேறு கைப்பழக்கங்களைக் கேட்கும் கருவிகள். அக்கூஸ்டிக்கில் ஒலியைப் பெரிதாக எழுப்புவதற்குக் கை உழைக்கிறது. எலெக்ட்ரிக்கில் வேண்டாத ஒலியை அடக்குவதற்குக் கை உழைக்கிறது. எதை வாசிக்க ஆசையோ அந்தக் கருவியிலேயே தொடங்குவதுதான் முறை.

இந்தக் கருவியின் பிறப்பைச் சற்று நினைத்துப் பார்த்தால், அதைத் தாமாகக் கற்பது ஏன் இயல்பானது என்பது விளங்கும். இது அரண்மனையிலோ இசைக்கல்லூரியிலோ உருவானதல்ல, பட்டறையில் உருவானது. 1931-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம்ப் என்ற கிதார் கலைஞரும், உலோகத் தொழில் தெரிந்த அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் சேர்ந்து வேலை செய்ததன் விளைவாக வந்த முதல் எலெக்ட்ரிக் கிதார் வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. அதன் வட்ட உருவத்தைப் பார்த்து வாணலி என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். பீச்சம்ப்புக்கு அதற்கான காப்புரிமை 1937-இல் கிடைத்தது. 1950-களில் உலகம் முழுதும் பரவிய டெலிகாஸ்டர், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகிய மாதிரிகளை உருவாக்கிய லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது. வார்ப்படமும் லேத்தும் காயில் கட்டும் வேலையும் தெரு தோறும் நடக்கும் நம் பகுதியில், இந்தக் கருவியின் உள்ளே இருப்பது எதுவும் அந்நியமான பொருள் அல்ல.

பிக்கப் என்று அழைக்கப்படும் பகுதியையே எடுத்துக்கொள்வோம். நிலையான காந்தம் ஒன்றைச் சுற்றி, எனாமல் பூசிய தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மோட்டாருக்கு நாங்கள் கட்டும் அதே வகைக் கம்பிதான் என்றாலும், இது தலைமயிர் அளவே தடித்தது, ஏறத்தாழ 0.063 மில்லிமீட்டர். மேலே அதிரும் எஃகுத் தந்தி காந்தப்புலத்தைக் கலைக்க, காயிலில் மிகச் சிறிய மின்னோட்டம் தோன்றுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்தச் சிறு மின்னோட்டத்தை ஆம்ப்ளிஃபையர் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. இதை ஒரு முறை புரிந்துகொண்ட பிள்ளை, நைலான் தந்தியைப் பூட்டினால் ஏன் ஒலி வராது என்றும், பிக்கப்பைத் தந்திக்கு மிக நெருக்கமாக உயர்த்தினால் ஏன் தந்தியின் அதிர்வு தடைப்படுகிறது என்றும் யாரையும் கேட்காமலே அறிந்துகொள்ளும்.

இரைச்சலும் அப்படியே. ஒற்றைக் காயில் கொண்ட பிக்கப், தந்தியின் அதிர்வை மட்டுமல்லாமல் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் சேர்த்தே வாங்கும். பக்கத்தில் தறிக்குடோனோ போர்வெல் மோட்டாரோ இருந்தால் இரைச்சல் இன்னும் கூடும். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் என்பவர் 1955-இல் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு காயில்களை எதிரெதிர்த் திசையில் இணைத்து, அவற்றின் காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் கூடி வரும். ஹம்பக்கர் என்று அதைச் சொல்வார்கள். தறி ஓடும் ஊர்களில் புதிதாக வாங்குபவர்களுக்கு நான் ஹம்பக்கர் உள்ள கிதாரையே பரிந்துரைப்பேன். ஒற்றைக் காயில் கிதார் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், உட்காரும் திசையை மாற்றிப் பார்த்தாலே இரைச்சல் குறையும் இடம் ஒன்று கிடைக்கும். மொபைல் சார்ஜரையும் எல்.இ.டி. விளக்கையும் தள்ளி வைப்பதும் பயன் தரும்.

எர்த் பற்றிப் பெற்றோர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கிதாரின் தந்திகள், உடல் பகுதியில் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபையரின் எர்த் முனையோடு இணைக்கப்பட்டவை. வீட்டில் எர்த் சரியாக இல்லாவிட்டாலும், மூன்று முனை பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகினாலும், ஆம்ப்ளிஃபையருக்குள் ஏதாவது கோளாறு ஏற்படும்போது அந்த மின்சாரம் தந்தி வழியாக விரலுக்கே வந்து சேரலாம். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும் வீடுகள் நம் பகுதியில் ஏராளம். குழியில் தண்ணீர் ஊற்றுவதையே மறந்துவிடுகிறோம். தந்தியைத் தொட்டால் லேசாகச் சுறுசுறுக்கிறது என்று பிள்ளை சொன்னால், அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட வேண்டாம். உடனே ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு வயர்மேனை அழையுங்கள். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றை வீட்டில் பொருத்துவது, கிதாருக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ள அனைவருக்கும் பாதுகாப்பு.

இனி, கருவியைச் சரிசெய்வது பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். நான் எழுத வந்ததே இதற்காகத்தான். ஆறு தந்திகளும் சுருதியில் நிற்கும்போது கழுத்தை இழுக்கும் மொத்த விசை 35 கிலோவுக்கும் அதிகம். அந்த இழுப்பைத் தாங்குவதற்காகக் கழுத்து மரத்துக்குள் ட்ரஸ் ராடு என்ற எஃகுக் கம்பி இருக்கிறது. மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்பச் சுருங்கும், விரியும். சித்திரை வெயிலில் வறண்டு கிடக்கும் நம் பகுதிக்கு, ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வந்து வீசுகிறது. இந்த மாற்றத்தில் கழுத்து சிறிது வளைவதும் நிமிர்வதும் இயல்பே. வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் சரிபார்க்கப்பட்டு, கப்பலில் வந்து, கிடங்கில் கிடந்து, கடைச் சுவரில் மாதக்கணக்கில் தொங்கிய கிதார், நம் வீட்டுக்கு வரும்போது அது புறப்பட்ட நிலையிலேயே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே, புதிய கிதாரும் பழைய கிதாரைப் போலவே சரிபார்க்கப்பட வேண்டியது.

முதலில் கழுத்தின் வளைவு. கழுத்தின் மேல் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டைகளை ஃப்ரெட் என்பார்கள். தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். கால் மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் போதும். இரு சக்கர வாகன மெக்கானிக்குகள் இடைவெளி அளக்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜே இதற்கு அளவுகோல். இடைவெளி மிகுதியாக இருந்தால் ட்ரஸ் ராடை வலப்புறமாகவும், இல்லவே இல்லையென்றால் இடப்புறமாகவும் திருப்பலாம். ஆனால் ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. திருப்பிய பிறகு மரம் நிலைகொள்ள நேரம் கொடுத்து மறுநாள் பார்க்க வேண்டும். திருகு இறுக்கமாக நின்றால் பலத்தைக் காட்டாமல் தெரிந்தவரிடம் கொண்டுசெல்வதே நல்லது.

அடுத்தது தந்தியின் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல்விளிம்பிலிருந்து தடித்த தந்தியின் அடிப்பகுதி 2 மில்லிமீட்டர் அளவிலும், மெல்லிய தந்தி அதைவிடச் சற்றுக் குறைவாக 1.6 மில்லிமீட்டர் அளவிலும் இருந்தால் தொடக்கநிலைக் கைக்கு இதமாக இருக்கும். பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் அமரும் சிறு துண்டான சேடிலின் திருகுகளைச் சிறிய ஆலன் கீயால் திருப்பி இதைச் செய்யலாம். பலரும் கவனிக்காத இடம், கழுத்தின் மேல்முனையில் தந்திகள் உட்காரும் நட். அதன் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்படாமல் இருந்தால், முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் அழுத்துவது மட்டும் தனியாகக் கடினமாக இருக்கும். அழுத்தினால் சுரமும் ஏறிவிடும். தொடக்கப் பாடங்கள் எல்லாம் அந்த மூன்று ஃப்ரெட்டுகளிலேயே நடப்பதால், பிள்ளைகள் மனம் சோர்வது பெரும்பாலும் இங்கேதான். தந்தியை இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் நடுவில் அழுத்திப் பாருங்கள். முதல் ஃப்ரெட்டுக்கு மேலே தந்தி தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். வெளிச்சம் பளிச்சென்று தெரியும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நட்டை அரத்தால் இழைக்க வேண்டும். அந்த வேலைக்கு மெல்லிய அரமும் பொறுமையும் தேவை. ஒரு முறை கூடுதலாக இழைத்துவிட்டால் நட்டையே மாற்ற நேரிடும் என்பதால், இதை மட்டும் கடைக்காரரிடமே செய்து வாங்குவது நல்லது.

கடைசியாக ஸ்வரத்தானச் சரிபார்ப்பு. ஒரு தந்தியைத் திறந்து மீட்டி, சுருதி காட்டும் ட்யூனரில் சரியாக வைத்துக்கொண்டு, அதே தந்தியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால், மேல் ஸ்தாயியின் அதே சுரம் பிசகாமல் வர வேண்டும். ஏறி ஒலித்தால் சேடிலைக் கழுத்திலிருந்து பின்னோக்கி நகர்த்த வேண்டும். இறங்கி ஒலித்தால் முன்னோக்கி. பழைய, துருப்பிடித்த தந்தியில் இதைச் செய்வதால் பயனில்லை. முதலில் புதுத் தந்தி பூட்ட வேண்டும். இவ்வளவும் சேர்ந்தே ஒரு மாலைப் பொழுதுக்குள் முடிந்துவிடக்கூடிய வேலை. இவற்றைச் செய்து திருப்பிக் கொடுத்த கிதாரை மீட்டிப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் வியப்பைக் கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: கருவி மாறியதும் கை மாறுகிறது.

கருவி சரியான பிறகு, கற்கும் முறைக்கு வருகிறேன். நம் ஊரில் பாட்டு வகுப்புக்குச் சென்று சரளி வரிசை கற்ற பிள்ளைகள் நிறைய உண்டு. அவர்கள், மேல்நாட்டு இசையின் எழுத்துகளை மனப்பாடம் செய்யாமலே எலெக்ட்ரிக் கிதாரில் முதல் நாளே வாசிக்கத் தொடங்கலாம். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரத்தானங்கள். கிதாரிலும் பன்னிரண்டு ஃப்ரெட்டுகளில் ஒரு ஸ்தாயி முடிகிறது. ஏதாவது ஒரு தந்தியின் திறந்த ஒலியை சட்சமாக வைத்துக்கொண்டால், 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய ஃப்ரெட்டுகளில் மாயாமாளவகௌளையின் ஆரோகணம் கிடைத்துவிடும். 2, 4, 7, 9, 12 என்று வாசித்தால் மோகனத்தின் சுரங்கள். 3, 5, 7, 10, 12 என்று வாசித்தால் சுத்த தன்யாசியின் சுரங்கள். ராக் இசையிலும் புளூஸ் இசையிலும் ஐந்து சுர மைனர் பென்டடானிக் என்று முதலில் கற்பிக்கப்படுவது இந்தச் சுத்த தன்யாசியின் சுரங்களைத்தான். சுரங்களை வரிசையாக வாசித்துவிட்டால் ராகம் வந்துவிடாது என்பதை நான் அறிவேன். கமகம் இல்லாமல் ராகம் இல்லை. ஆனாலும் காதுக்கு ஏற்கெனவே பழகிய சுரங்களைக் கைக்குக் கொண்டுவருவது, முற்றிலும் புதியதொன்றைக் கற்பதைவிட எளிது.

கமகத்துக்கு எலெக்ட்ரிக் கிதாரில் இடமும் உண்டு. தந்தி மெல்லியதாக இருப்பதால், வீணையில் செய்வதைப் போலவே அதைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை ஏற்ற முடிகிறது. ஏழாவது ஃப்ரெட்டின் சுரத்தை முதலில் மீட்டிக் காதில் நிறுத்திக்கொண்டு, பிறகு ஐந்தாவது ஃப்ரெட்டில் விரல் வைத்துத் தந்தியை இழுத்து அதே சுரத்தைத் தொடுவது, தாமாகக் கற்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பயிற்சிகளில் ஒன்று. சுரம் சரியாகத் தொட்டதா இல்லையா என்பதைக் காது உடனே சொல்லிவிடும்; அருகில் ஆசிரியர் வேண்டியதில்லை. எலெக்ட்ரிக் மேண்டலினில் கர்நாடக இசையை உலகறியச் செய்த யூ. சீனிவாஸ் (1969–2014) அவர்களின் வாசிப்பையும், எலெக்ட்ரிக் கிதாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னா அவர்களின் வாசிப்பையும் கேட்டவர்களுக்கு, இந்தக் கருவி நம் இசைக்கு ஒவ்வாதது என்ற எண்ணம் எழாது.

தாளத்துக்கும் நம்மிடம் உள்ளதே போதும். சீராகத் தட்டும் கருவியான மெட்ரோனோமை மெதுவாக ஓடவிட்டு, ஒரு தட்டுக்குள் நான்கு அடி என்றால் தகதிமி என்றும், மூன்று அடி என்றால் தகிட என்றும் வாயால் சொல்லிக்கொண்டே தந்தியை மீட்டும் சிறு தகடான பிளெக்ட்ரத்தை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி மீட்டினால், வலது கை பிசகாமல் பழகிவிடும். வேகம் பின்னர் வரும். தவறில்லாமல் வாசிக்க முடிகிற வேகத்திலேயே ஒவ்வொரு நாளும் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் பிள்ளைகள் ஏற்க மறுக்கிறார்கள். கைப்பேசியில் பார்த்த கலைஞரின் வேகத்தை முதல் வாரத்திலேயே எட்ட நினைக்கிறார்கள். வாரக்கடைசியில் மூன்று மணி நேரம் வாசிப்பதைக் காட்டிலும் நாள்தோறும் அரை மணி நேரம் வாசிப்பதே கைக்குப் பயன் தரும்.

இடது கை விரலை ஃப்ரெட்டின் மேலே வைக்காமல், அதை ஒட்டிப் பின்புறம் வைக்க வேண்டும். ஒலி எழும் அளவுக்கு அழுத்தினால் போதும். கட்டை விரல் கழுத்தின் பின்னால் தளர்வாக இருக்கட்டும். எலெக்ட்ரிக் கிதாருக்கே உரிய பயிற்சி, வேண்டாத தந்திகளை அடக்குவது. மீட்டாத தந்தியும் சேர்ந்து அதிரும். ஆம்ப்ளிஃபையர் அதையும் பெருக்கிக் காட்டும். வலது உள்ளங்கையின் ஓரத்தால் தடித்த தந்திகளையும், இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியால் மெல்லிய தந்திகளையும் தொட்டு அடக்கும் பழக்கம் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். கைப்பேசிப் பாடங்களில் இதைச் சொல்பவர்கள் குறைவு. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைப் போட்டு வாசிப்பது குற்றமல்ல; அடக்கும் பழக்கம் வந்துவிட்டதா என்பதை அதுதான் அம்பலமாக்கும். ஆனால் ஒவ்வொரு அடியும் ஒரே அளவில் விழுகிறதா என்பதைக் கேட்க டிஸ்டார்ஷன் இல்லாத தெளிந்த ஒலியே ஏற்றது. இரண்டிலும் பழக வேண்டும்.

பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளில் முதலில் சட்சமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த பவர் கார்டைக் கற்கலாம். இரண்டே விரல்களில் அமையும் அந்த வடிவத்தைக் கழுத்து முழுதும் நகர்த்தி வாசிக்கலாம் என்பதால், ஒரு பாடலோடு சேர்ந்து வாசிக்கும் மகிழ்ச்சி விரைவில் கிடைக்கிறது. ஆள்காட்டி விரல் ஆறு தந்திகளையும் அழுத்தும் பார் கார்டு கடைசியில் வரட்டும்.

குருவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால், தொடர்ந்து வாசிக்காமல் நிறுத்திவிட்டு, தெரிந்த ஒருவரிடம் உட்காரும் முறையையும் கை வைக்கும் முறையையும் காட்டித் திருத்திக்கொள்வது அவசியம். கோயம்புத்தூருக்கு எப்போதாவது ஒரு முறை சென்று ஆசிரியர் ஒருவரிடம் வாசித்துக் காட்டி வந்தாலும் அது பெரிய உதவிதான். ஆனால் வாரந்தோறும் ஆசிரியர் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையின் ஆசையைத் தடுக்கக் கூடாது. எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பின் போக்கையே மாற்றிய ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் முறையாக வகுப்பில் பயின்றவர் அல்லர். இசைத்தட்டுகளைக் கேட்டும் மற்றவர்கள் வாசிப்பதைக் கவனித்துமே கற்றார். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற விரும்புகிறவர்களுக்கு, லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் ராக் அண்டு பாப் தேர்வுகள் எலெக்ட்ரிக் கிதாருக்கும் எட்டாம் நிலை வரை உள்ளன.

சத்தம் குறித்த அச்சமும் பல வீடுகளில் தடையாக இருக்கிறது. 10 வாட், 15 வாட் அளவிலான சிறிய பயிற்சி ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் ஹெட்ஃபோன் செருகும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் அடுத்த அறையில் உறங்குபவருக்குக்கூடத் தொந்தரவு இராது. அக்கூஸ்டிக் கிதாரில் இந்த வசதி இல்லை. ஹெட்ஃபோனில் ஒலியைக் குறைத்து வைப்பது மிக முக்கியம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலியில் இருப்பது காதுக்குக் கேடு என்பது தொழிலிட வரையறை. பகலெல்லாம் தறிக்குடோனில் நின்று வேலை செய்யும் இளைஞரின் காது இரவில் ஏற்கெனவே களைத்திருக்கும்; அவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். இசைக்கருவிக் கடை நடத்தும் அன்பர்கள், எலெக்ட்ரிக் கிதாரை விற்கும்போதே கழுத்து, தந்தி உயரம், நட், ஸ்வரத்தானம் ஆகிய நான்கையும் வாங்குபவரின் கண் முன்னால் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். அதற்குத் தனியே கூலி கேட்டாலும் தவறில்லை. ஒலியின் தன்மையை மாற்றும் விலையுயர்ந்த எஃபெக்ட் பெடலை வாங்கச் சொல்வதற்குப் பதிலாக, இந்தக் கூலியையும் ஒரு ட்யூனரையும் இரண்டு செட் தந்திகளையும் வாங்கச் சொல்லுங்கள். பெற்றோர்கள், கிதார் அலமாரிக்கு மேல் ஏறியதும் பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு முன்பு, தந்தியின் உயரத்தை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

தங்கள் நாளிதழின் வார இணைப்பிதழில் மாதம் ஒரு முறையேனும் இசைக்கருவிப் பராமரிப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கிதாருக்கு மட்டுமல்ல, தவில், நாகசுவரம், உடுக்கை, பம்பை எனக் கோயில் விழாக்களில் ஒலிக்கும் கருவிகளையும் ஆர்மோனியத்தையும் செப்பனிடத் தெரிந்தவர்கள் நம் மாவட்டங்களில் ஆங்காங்கே இருக்கிறார்கள். யார் எந்த ஊரில் எதைச் சரிசெய்கிறார் என்ற விவரம் அவர்களது ஒப்புதலோடு அந்தப் பக்கத்தில் வந்தால், தாராபுரத்தில் இருக்கும் ஒரு பிள்ளை நட் இழைப்பதற்காகக் கோயம்புத்தூர் வரை பேருந்து ஏற வேண்டியிருக்காது. கிதாரைப் பொறுத்தவரை, எழுதுவதற்கும் வருகிறவர்களுக்குச் செய்து காட்டுவதற்கும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்தும் வாசகர்,
பல்லடம்.